நான் குடித்த அவளுடைய தண்ணீர்

இரண்டு வருடத்துக்கு முந்திய ஆவணி மாதம். ஒட்டுசுட்டானிலிருந்து காட்டோரமாக உள்ளே போகிற கிரவல் ரோட்டில் ஒரு குடியேற்றக் கிராமம் இருக்கிறது. அங்கேதான் இது நடந்தது. ஊரின் பெயரையும் ஆட்களின் பெயரையும் சொல்லமாட்டேன். அவர்களில் அரைவாசிப் பேர் இன்னும் என் பதிவேட்டில் இருக்கிறார்கள்.

நான் குடும்பநல உத்தியோகத்தர். சனம் என்னை ‘மிட்வைஃப் மிஸ்’ என்று கூப்பிடும். அவசரம் என்றால் வெறும் ‘மிஸ்’. கர்ப்பிணிகளை வீடு வீடாகப் போய்ப் பார்ப்பது, கிளினிக் நடத்துவது, பிறந்த பிள்ளைகளை நிறுத்து எழுதுவது, ஊசிக்குக் கூப்பிடுவது, வராதவர்களைத் தேடிப் போவது எல்லாம் என் வேலை. என் பகுதி ஒன்றுதான். பக்கத்துப் பகுதிக்கு ஆள் இல்லாமல் போனபோது அதையும் என் தலையில் கட்டினார்கள். கொஞ்ச நாளைக்குத்தான் என்றார்கள். அந்தக் கொஞ்ச நாளுக்கு அப்போதே ஐந்து வயதாகிவிட்டது, முன்பள்ளிக்கு அனுப்பலாம்.

ஆவணியில் எங்கள் பக்கம் எப்படி இருக்கும் என்று வெளியிலிருப்பவர்களுக்குச் சொல்லி விளங்கவைப்பது கஷ்டம். கச்சான் காற்று காலை எட்டு மணிக்கே தொடங்கிவிடும். அது குளிர்ச்சியைக் கொண்டுவராது, புழுதியைத்தான் கொண்டுவரும். உதடு வெடிக்கும். ஸ்கூட்டியில் பத்து நிமிடம் போனால் தொண்டை ஒட்டிக்கொள்ளும். அந்த வருடம் எனக்கு முழங்கால் நோவும் சேர்ந்துகொண்டது. வேலை முடிந்து வீட்டுக்குப் போனால் சப்பாத்தைக் கழற்றக் குனிவதற்கே மனம் வராது. அப்படியே கதிரையில் விழுந்து கிடப்பேன்.

இந்த வேலையில் இருபது வருடத்துக்கு மேல் இருக்கிறேன். வயிற்றுப் பிள்ளையைச் சுற்றிப் பன்னீர்க்குடத்தில் நீர் இருக்கும். அதன் அளவை ஸ்கேனில் பார்த்து கர்ப்பிணியின் கொப்பியில் எழுதுவார்கள். ஆடி, ஆவணியில் கொப்பிகளைப் புரட்டினால் அந்த அளவு பலருக்கும் கொஞ்சம் இறங்கியிருக்கும். கார்த்திகையில் மழை பிடித்த பிறகு பார்த்தால், அதே மாதக் கர்ப்பிணிகளுக்கு நீர் நன்றாக இருக்கும். இது நான் கண்ணால் கண்டது, ஆராய்ச்சி ஒன்றும் இல்லை. வெயிலில் தாய் குடிக்கிற தண்ணீர் வியர்வையாகப் போய்விடுகிறது, பிள்ளைக்கு மிஞ்சுவது குறைகிறது. கிளினிக்குக்கு வருகிற டொக்டரும் அப்படித்தான் சொல்வார். அதனால் ஆவணியில் ‘நீர் சற்றுக் குறைவு’ என்று எழுதியிருந்தால் எங்களுக்குத் திடுக்கிடாது. இது சீசன் என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவோம்.

அவளுக்கும் அப்படித்தான் செய்தேன்.

அவளுக்கு அப்போது இருபத்தாறு, இருபத்தேழு வயது இருக்கும். எட்டாவது மாதம். மூத்தது ஒரு பெண்பிள்ளை, நான்கு வயது. இரண்டாவது வயிற்றில் தங்கவில்லை, நான்காம் மாதத்தில் போய்விட்டது. இது மூன்றாவது. கணவன் வவுனியாவில் மேசன் வேலை, இரண்டு கிழமைக்கு ஒருக்கா வந்துபோவான். வீட்டில் மாமனும் மாமியும். அந்தக் குடும்பம் மலையகத்திலிருந்து கலவரத்துக்குப் பயந்து வன்னிக்கு வந்து, காடு வெட்டிக் குடியிருந்த குடும்பம். மாமனுக்குச் சிறுநீரகம் பழுது. கிழமைக்கு இரண்டு தரம் ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தம் சுத்திகரித்துக்கொண்டு வருவார்.

அந்த ஊரில் அவரோடு சேர்த்து ஏழெட்டுப் பேருக்கு இந்த வருத்தம். அதற்கு முந்தைய வருடம் பொதுநோக்கு மண்டபத்தில் ஒரு கூட்டம் வைத்தோம். கூட்டத்தில் நான்தான் பேசினேன். எனக்குச் சத்தமாகப் பேச வரும், அதனால் இப்படியான வேலைகளை என்னிடம் தள்ளிவிடுவார்கள். கிணற்றுத் தண்ணீரில் கல்லும் உப்பும் கிடக்கிறது, ஒரு சொட்டும் வயிற்றுக்குள் போகக்கூடாது, சமைக்கிறதுக்கும் எடுக்கக்கூடாது, ஃபில்டர் தண்ணீர்தான் குடிக்கவேண்டும் என்று மேசையில் தட்டித் தட்டிச் சொன்னேன். பக்கத்து ஊரில் தண்ணீரைச் சுத்திகரித்துக் கொடுக்கிற ஒரு நிலையம் திறந்த புதிது. எல்லோரும் தலையாட்டினார்கள். அவள் முன்வரிசையில் இருந்தாள். அன்றைக்கு என் பேச்சில் எனக்கே கொஞ்சம் பெருமை.

சரி, கிளினிக்குக்கு வருகிறேன். ஆவணி முதல் கிழமை ஸ்கேனில் அவளுக்கு நீர் குறைவு என்று டொக்டர் எழுதினார். ஒரு கிழமையில் திரும்பப் பார்ப்போம் என்றார். வெளியே இருபது பேர் வரிசையில். நான் கொப்பியைக் கையில் கொடுத்து, “தண்ணி குடிக்கிறது காணாது தங்கச்சி. ஒரு நாளைக்கு மூண்டு லீற்றர் குடிக்கோணும், விளங்குதோ?” என்றேன். “ஓம் மிஸ்” என்றாள்.

இந்த ‘ஓம் மிஸ்’ஸைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டும். எங்கள் பக்கத்துப் பெண்கள் எதற்கும் ஓம் மிஸ்தான் சொல்வார்கள். இரும்புக் குளிசை போடுகிறீர்களா, ஓம் மிஸ். மத்தியானம் படுக்கிறீர்களா, ஓம் மிஸ். குளிசை அலுமாரிக்குள் அப்படியே கிடக்கும். உத்தியோகம் பார்க்கிறவர்களுக்கு முன்னால் இல்லை என்று சொல்லிப் பழகாத சனம். எனக்கு இது நன்றாகத் தெரியும். தெரிந்தும் மேலே ஒரு கேள்வி கேட்கவில்லை. களைப்பு என்று சொல்லலாம். களைப்பு உண்மைதான், ஆனால் அது முழு உண்மை இல்லை. கேட்டால் பதில் வரும், பதில் வந்தால் அதற்கும் ஏதாவது செய்யவேண்டும்.

அடுத்த கிழமை வந்தாள். நீர் இன்னும் இறங்கியிருந்தது. பன்னீர்க்குடம் கசிகிறதா என்று டொக்டர் பார்த்தார், கசிவு இல்லை. இனி இங்கே வைத்துப் பார்க்க முடியாது, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்று துண்டு எழுதினார். எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. வரிசையில் இருந்த எல்லாப் பெண்களுக்கும் கேட்கிற மாதிரி அவளைப் பேசினேன்.

“தண்ணி குடிக்கச் சொன்னனானெல்லோ? குடிச்சனீங்களோ?”

“குடிச்சனான் மிஸ்.”

“பொய் சொல்லாதேங்கோ! குடிச்சா ஏன் வத்துது? ஒண்டை ஏற்கெனவே இழந்தனீங்கள். இதையும் இழக்கப் போறீங்களோ?”

அந்தக் கடைசி வசனத்தை நான் சொல்லியிருக்கக்கூடாது. சொன்னவுடனே எனக்குத் தெரிந்தது. அவள் அழவில்லை. கொப்பியை மடித்துப் பைக்குள் வைத்தாள். இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கோ என்றேன். நாளைக்கு விடிய வீட்டில் ஒரு அலுவல் இருக்கு மிஸ், அதை முடித்த கையோடு போகிறேன் என்றாள். என்ன அலுவல் என்று கேட்டேனா? இல்லை. நாளைக்குப் போகாவிட்டால் இனி என்னிடம் வரவேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

மறுநாள் பத்தரைக்கு ஆஸ்பத்திரி வார்ட்டுக்குப் போன் எடுத்துக் கேட்டேன். அப்படி ஒருவரும் வரவில்லை என்றார்கள். அவளுடைய போன் வேலை செய்யவில்லை. திட்டிக்கொண்டே ஸ்கூட்டியை எடுத்தேன். கிரவல் ரோட்டில் பாதி வழியில் மணல் சறுக்கி விழப் பார்த்தேன், அதற்கும் அவளைத்தான் திட்டினேன். நான் கொண்டுவந்த தண்ணீர்ப் போத்தல் காலையிலேயே முடிந்திருந்தது. போய்ச் சேரும்போது மத்தியானம் பன்னிரண்டு தாண்டிவிட்டது.

அவள் குசினிக்குப் பக்கத்தில் நிலத்தில் பாயைப் போட்டு ஒருக்களித்துப் படுத்திருந்தாள். முகம் வெயிலில் கறுத்துப்போயிருந்தது. என்னைக் கண்டதும் எழும்பப் பார்த்தாள். மாமன் உள்ளே கட்டிலில் கிடந்தார். மாமி வாசலில் இருந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அவருக்கு இரண்டு கண்ணிலும் பூ விழுந்து பார்வை குறைவு.

ஏன் போகவில்லை என்று நான் தொடங்க முதலே அவள் மெல்லிய குரலில், “மிஸ், காலையில இருந்து பிள்ளையின்ர அசைவு குறைஞ்ச மாதிரிக் கிடக்கு” என்றாள்.

பையைத் திறந்தேன். பிள்ளையின் துடிப்புக் கேட்கிற குழலை எடுத்து வயிற்றில் வைத்துக் காதைக் கொடுத்தேன். முதலில் ஒன்றும் கேட்கவில்லை. காற்று கூரைத் தகரத்தை அடித்துக்கொண்டிருந்தது. இடத்தை மாற்றி வைத்தேன். கேட்டது. துடிப்பு இருந்தது. எண்ணினேன், திரும்பவும் எண்ணினேன். குறைவில்லை. ஆனால் எண்ணி முடிகிறவரைக்கும் வயிறு ஒருமுறைகூட அசையவில்லை.

தெரிந்த ஓட்டோக்காரர் ஒருவருக்குப் போன் பண்ணினேன். வர அரை மணித்தியாலம் ஆகும் என்றார். அதற்குப் பிறகுதான் தொண்டை வறண்டிருப்பது எனக்கே தெரிந்தது. குடிக்கக் கொஞ்சம் தண்ணி தாங்கோ என்றேன். எந்த வீட்டிலும் கேட்கிற விஷயம்தானே. அவளே சுவரைப் பிடித்துக்கொண்டு எழும்பி, குசினிக்குள் போய், ஒரு பெரிய கிளாஸ் நிறையக் கொண்டுவந்து நீட்டினாள். நான் ஒரே மூச்சில் குடித்தேன். இன்னும் கொஞ்சம் இருக்கோ என்று கேட்டேன்.

வாசலில் இருந்த மாமிதான் சொன்னார். அவருடைய பேச்சில் மலையகத்துச் சாயல் இன்னும் இருக்கிறது.

“இல்லீங்க மிஸ். அது அவளுக்குன்னு வச்சிருந்த தண்ணி. பரவால்லீங்க, நீங்க வெயில்ல வந்திருக்கீங்க.”

குத்தலாகச் சொல்லவில்லை. உண்மையாகவே பரவாயில்லை என்றுதான் சொன்னார். நான் குசினிக்குள் போய்ப் பார்த்தேன். இருபது லீற்றர் கான் ஒன்று சரிந்து கிடந்தது. வெறும் கான்.

பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டேன். அந்த வரிசையில் இருபது பேர் நின்ற அன்றைக்குக் கேட்டிருக்கவேண்டிய கேள்விகள். வெயிலுக்கு ஃபில்டர் நிலையத்துக் கிணறும் இறங்கிவிட்டதாம். ஆடிப் பிற்பகுதியிலிருந்து கிழமைக்கு ஒரு நாள்தான் திறக்கிறார்களாம், ஒரு குடும்பத்துக்கு ஒரு கான்தான். நான்கு பேர் குடிக்கவும் சோறு சமைக்கவும் ஒரு கிழமைக்கு இருபது லீற்றர். பிள்ளைக்கு முன்பள்ளிக்குக் கொடுத்துவிடவேண்டும். மாமன் குளிசைகள் விழுங்கவேண்டும். தனக்குக் காலையில் ஒரு கிளாஸ், பின்னேரம் ஒரு கிளாஸ், ஒரு தேத்தண்ணி. நான் மூன்று லீற்றர் குடிக்கச் சொன்ன பிறகு இரண்டு நாள் அப்படியே குடித்துப் பார்த்தாளாம். மூன்றாம் நாள் கான் அடியைத் தொட்டுவிட்டது. அன்றைக்கு மகள் தண்ணீர் கேட்டு அழுதாளாம். அதோடு விட்டுவிட்டாள்.

அன்றைக்குக் காலையில் இருந்த அலுவலும் அதுதான். தண்ணீர் கொடுக்கிற நாள். அவள் ஆஸ்பத்திரிக்குப் போனால் மாமியால் போய் எடுக்க முடியாது, வீட்டில் மற்றவர்களுக்கு ஒரு கிழமைக்குத் தண்ணீர் இல்லை. எட்டு மாத வயிற்றோடு சைக்கிளை உருட்டிக்கொண்டு இரண்டு மைல் போய், வெயிலில் இரண்டு மணித்தியாலம் வரிசையில் நின்றிருக்கிறாள். அவளுடைய முறை வர முதல் தண்ணீர் முடிந்துவிட்டது.

வளவுக்குள் கிணறு இருக்கிறது. எட்டிப் பார்த்தேன். ஆழத்தில் என்றாலும் தண்ணீர் இருந்தது.

“தங்கச்சி, இதைக் காய்ச்சிக் குடிச்சிருக்கலாமே?” என்றேன்.

அவள் என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். “நீங்கள்தானே மிஸ் சொன்னீங்கள், கிணத்துத் தண்ணி ஒரு சொட்டும் வயித்துக்குள்ள போகக்கூடாது எண்டு. அதுக்குப் பிறகு நாங்கள் ஒருத்தரும் தொடேல்லை. வயித்தில பிள்ளை இருக்கேக்க நான் எப்பிடிக் குடிக்கிறது?”

வேறு எத்தனையோ வீடுகளில் என் பேச்சைக் காற்றில் விட்டுவிட்டுக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய வயிற்றுப் பிள்ளைகளுக்கு நீர் கொஞ்சம்தான் இறங்கியிருந்தது. இவள் மட்டும் என் சொல்லை எழுத்துப் பிசகாமல் கேட்டிருக்கிறாள். அவளைத்தான் நான் பொய்க்காரி என்று எல்லோருக்கும் முன்னால் பேசினேன்.

எனக்கு அழுகை வந்தது. அழுவதற்கு நேரம் இல்லை. கிணற்றில் அள்ளி அடுப்பில் வைத்தேன். பக்கத்து வீட்டுக்கு ஓடிப்போய் இரண்டு இளநீர் வாங்கிவந்து முதலில் அதைக் கொடுத்தேன். தண்ணீர் கொதித்து, ஆற்றி எடுத்துக் கிளாஸில் கொடுத்தபோது அவள் வாங்கவில்லை. மாமன் கிடந்த கட்டில் பக்கம் பார்த்தாள். வருடக்கணக்காகக் கிணற்றுத் தண்ணீர் குடித்த மனுசன் இப்போது எப்படிக் கிடக்கிறார் என்று அவளுக்குத் தெரியும். அந்தப் பயத்தை மேசையில் தட்டித் தட்டி அவளுக்குள் ஏற்றினவள் நான். அதை ஒரு நிமிடத்தில் எப்படி இறக்குவது?

“ரெண்டு மூண்டு கிழமை குடிச்சாக் கிட்னி பழுதாகாது தங்கச்சி. இண்டைக்குக் குடிக்காட்டித்தான் பயம். நான் அண்டைக்குச் சொன்னது அரைவாசிதான். மிச்சத்தைச் சொல்லாமல் விட்டது என்ர பிழை.”

அவள் வாங்கிக் குடித்தாள். நம்பித்தான் குடித்தாளா, என் முகத்துக்காகக் குடித்தாளா தெரியாது. உப்புக் கரிக்கிற சவர் தண்ணீர், இளஞ்சூடு வேறு. முகத்தைச் சுளித்துக்கொண்டே முழுவதையும் குடித்தாள். ஒரு போத்தலில் மிச்சத்தை நிரப்பினேன். ஓட்டோ வந்தது. மகளை மாமியிடம் விட்டுவிட்டு நானும் ஏறிக்கொண்டேன். அந்தக் குலுங்கல் ரோட்டில் வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தாள். ஒவ்வொரு பத்து நிமிடத்துக்கும் அசைகிறதா என்று கேட்டுக்கொண்டே வந்தேன். இல்லை மிஸ், இல்லை மிஸ் என்றே சொன்னாள். இருபது வருடத்தில் அவளிடமிருந்து மட்டும்தான் அத்தனை ‘இல்லை’ கேட்டிருக்கிறேன்.

வார்ட்டில் உடனே எடுத்தார்கள். பிள்ளையின் துடிப்பைப் பதிகிற மெசினைப் பூட்டினார்கள், சேலைன் ஏற்றினார்கள். கொஞ்ச நேரம் பார்ப்போம், துடிப்பு குழம்பினால் உடனே வயிற்றை வெட்டி எடுக்கவேண்டி வரும், எட்டு மாதம், சின்னப் பிள்ளை, எதுவும் சொல்ல முடியாது என்றார் அங்கே இருந்த டொக்டர். நான் நடைபாதை வாங்கில் உட்கார்ந்திருந்தேன். முழங்கால் வீங்கிவிட்டது. பின்னேரம் ஐந்து மணியிருக்கும், ஒரு நேர்ஸ் வந்து, பிள்ளை உதைக்குது, தாய் உங்களிட்டச் சொல்லச் சொன்னா என்று சொல்லிவிட்டுப் போனார். நான் சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டு அங்கேயே கொஞ்ச நேரம் அழுதேன். பக்கத்தில் இருந்த ஒரு அம்மா, என் மகளுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்துத் தேத்தண்ணி வாங்கித் தந்தார்.

மூன்று நாளில் நீர் கொஞ்சம் கூடியது. அவளை அங்கேயே வைத்துப் பார்த்தார்கள். மூன்று கிழமை கழித்துப் பெடியன் பிறந்தான். இரண்டு கிலோவும் சொச்சமும். மெலிந்து, தோல் சுருங்கி இருந்தான். ஆனால் வார்ட்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி அழுதான். நீர் வற்றினதற்குத் தண்ணீர் குடிக்காதது மட்டும்தான் காரணமா என்று டொக்டரிடம் கேட்டேன். வெயில் ஒரு காரணம், குடிக்காதது ஒரு காரணம், தொப்புள்கொடியிலும் ஏதும் இருந்திருக்கலாம், இதுதான் என்று ஒன்றைக் காட்ட முடியாது என்றார். அது எனக்கு ஆறுதலாகச் சொன்னதாக இருக்கலாம். நான் ஆறவில்லை.

ஆஸ்பத்திரியில் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். எல்லோருக்கும் முன்னால் பேசினதற்கும் சேர்த்து. அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது. “ஏன் மிஸ் அப்பிடிச் சொல்லுறீங்கள், நீங்கள் நல்லதுக்குத்தானே சொன்னனீங்கள்” என்றாள். திரும்ப இரண்டு பேச்சுப் பேசியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு பிரதேச சபைக்கு நாலைந்து தரம் ஏறி இறங்கி, கோடையில் தண்ணீர் கொண்டுவருகிற பவுசர் லொறி வரும்போது கர்ப்பிணிகள் இருக்கிற வீட்டுக்கு முதலில் என்று ஒரு ஒழுங்கு செய்தோம். ஒரு வருடம் நடந்தது. இந்த வருடம் பவுசர் பழுது. திரும்பக் கடிதம் எழுதியிருக்கிறேன். பக்கத்துப் பகுதிக்கு இன்னும் ஆள் போடவில்லை. கிளினிக்கில் இப்போது ஒவ்வொருத்தியிடமும் எந்தத் தண்ணீர், எவ்வளவு, வீட்டில் யார் முதலில் குடிக்கிறது என்று கேட்கிறேன். வரிசை நீண்டுவிடுகிறது, பின்னால் நிற்கிறவர்கள் முணுமுணுக்கிறார்கள். எனக்கும் அலுப்பாகத்தான் இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன்.

என் பேச்சைக் கேட்காதவர்களால்தான் என் வேலை கஷ்டம் என்று இருபது வருடமாகக் குறைசொல்லிக்கொண்டு திரிந்தேன். என் பேச்சை முழுதாக நம்பின ஒருத்தியின் பிள்ளையைத்தான் நான் கிட்டத்தட்டக் கொன்றிருப்பேன் என்பதை இன்றைக்கும் ஒவ்வொரு வீட்டுப் படலையைத் திறக்கும்போதும் நினைத்துக்கொள்கிறேன்.